பழைய சொகுசுக் கார்களின் ஹார்ன்: சோதிப்பது முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

பழைய சொகுசுக் காரில் ஹார்ன் அடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது ஹார்ன் இல்லை. பட்டனில் கோளாறு இருக்கும், எர்த்தில் (கரண்ட் காரின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இருக்கும், பல வருடங்களாகக் களிம்பேறிக் கிடக்கும் ஏதாவது ஒரு டெர்மினலில் இருக்கும். ஆனால் எல்லோருடைய கையும் முதலில் போவது ஹார்னின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவுக்குத்தான். 9 வோல்ட் மட்டுமே வந்துசேரும் ஒரு ஹார்னை அந்த 9 வோல்ட்டில் கத்தும்படி திருகி வைத்துவிட்டால், பின்னொரு நாள் வயரிங்கைச் சரிசெய்து முழு வோல்டேஜ் வரும்போது அதே ஹார்ன் கரகரக்கும். உள்ளே பாயிண்ட் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை) கருகும்.

அதனால் இந்த வேலைக்கு ஒரே வரிசைதான். முதலில் ஹார்னைக் கழற்றி மேஜையில் தனியாகச் சோதிக்க வேண்டும். அடுத்து, ஹார்ன் இல்லாமல் காரின் வயரிங்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டும் தேறிய பிறகே ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த வரிசையின் விரிவு.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

முதல் உலகப்போருக்கு முந்தைய கார்களில் ரப்பர் பந்தை அமுக்கினால் ஊதும் பித்தளை ஹார்ன் இருக்கும். உள்ளே ஒரு பித்தளை ரீட் (காற்றில் அதிரும் மெல்லிய தகடு), அவ்வளவுதான். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், ரீட்டில் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ரீட்டை வளைக்க மட்டும் செய்யாதீர்கள். இந்த வகையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது கிளாக்சன். மில்லர் ரீஸ் ஹட்சிசன் உருவாக்கியது. 1908 முதல் அமெரிக்காவின் லவல்-மெக்கானல் நிறுவனம் விற்றது. சின்ன மோட்டார் ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றும். டயாபிரத்தின் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய வட்டத் தகடு) நடுவில் இருக்கும் உலோகக் குமிழை அந்தப் பற்கள் உரசிக்கொண்டே போகும். மோட்டாருக்குப் பதிலாகக் கையால் அழுத்தும் தண்டு வைத்த மாடல்களும் உண்டு.

1920களில் மின்காந்த ஹார்ன் பரவலானது. போஷ் நிறுவனத்தின் ஹார்ன் 1921இல் வந்தது. இதில் மோட்டார் கிடையாது. காயில் (கம்பிச் சுருள்) ஒரு இரும்புத் துண்டை இழுக்கும். இழுபடும் இரும்பு ஒரு காண்டாக்ட் பாயிண்டைத் திறந்துவிடும். கரண்ட் அறுந்ததும் டயாபிரம் பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். பாயிண்ட் மறுபடி சேரும். நொடிக்குச் சில நூறு முறை இதுவே நடக்கும். இதே அடிப்படையில் இரண்டு வடிவங்கள் உண்டு. முகப்பில் வட்டத் தகடு அதிரும் டிஸ்க் ஹார்ன் ஒன்று. நத்தைக்கூடு போலச் சுருண்ட குழாயோ நீண்ட எக்காளமோ வைத்து, காற்றின் அதிர்வால் ஒலிக்கும் விண்ட்டோன் மற்றொன்று. 50கள், 60களின் பிரிட்டிஷ் சொகுசுக் கார்களில் அடிக்கடி காணும் லூகாஸ் டபிள்யூடி 614, டபிள்யூடி 618 இரண்டும் விண்ட்டோன் வகை.

கடைசியாக, காற்றழுத்த ஹார்ன். மின்மோட்டார் கம்ப்ரசர், பிளாஸ்டிக் குழாய், இரண்டு மூன்று எக்காளம். ஃபெராரி போன்ற இத்தாலியக் கார்களில் ஃபியாம் செட் பிரபலம்.

வகை தெரிந்ததும் ஹார்னின் மேல் பொறித்திருப்பதைத் துடைத்துப் படியுங்கள். வோல்டேஜ், மாடல் எண், லூகாஸ் என்றால் தயாரித்த மாதமும் வருடமும், ஜோடியில் உயர் சுருதியா தாழ் சுருதியா என்பதைக் காட்டும் ஹெச் அல்லது எல் எழுத்து எல்லாம் அதில் இருக்கும். டெல்கோ-ரெமி ஹார்ன்களில் எஃப், ஏ, சி, டி என்று ஸ்வரத்தின் எழுத்தே இருக்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன் இவற்றைப் படம் எடுத்துவிடுங்கள்.

வோல்டேஜும் எர்த் பக்கமும்

"பழைய கார் என்றால் 6 வோல்ட்" என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காடிலாக் 1953 மாடலிலேயே 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. பேக்கார்டு 1955இல்தான் மாறியது, அதற்கு முன்பு 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேசிஸோடு சேர்ந்திருப்பது). ஜாகுவார் ஈ-டைப்பில் 3.8 லிட்டர் கார் பாசிட்டிவ் எர்த். 1964 இறுதியில் வந்த 4.2 நெகட்டிவ் எர்த். இடையில் எந்த உரிமையாளராவது மாற்றியும் வைத்திருக்கலாம். ஆகவே பேட்டரியின் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மின்காந்த ஹார்னுக்கு இதனால் பாதிப்பில்லை. கரண்ட் எந்தத் திசையில் போனாலும் காயில் இரும்பை இழுக்கத்தான் செய்யும். ஆனால் நிரந்தரக் காந்த மோட்டார் வைத்த கம்ப்ரசர் திசை மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் கேட்கும், காற்று வராது. பாசிட்டிவ் எர்த் காரில் பின்னாளில் காற்று ஹார்ன் பொருத்துகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

கழற்றும்போது

முதலில் பேட்டரியின் எர்த் பக்க கேபிளைக் கழற்றுங்கள். பாசிட்டிவ் எர்த் காரில் அது பாசிட்டிவ் முனை என்பதை மறக்க வேண்டாம். ஸ்பேனர் கைதவறி பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு வயருக்கும் அடையாளச் சீட்டு கட்டுங்கள். துணி சுற்றிய பழைய வயரில் நிறம் மங்கியிருக்கும். டெர்மினலை ஒட்டி, ஸ்லீவுக்கு அடியில் உள்ள துண்டில் மட்டும் அசல் நிறம் பிழைத்திருக்கும். 60களின் பிரிட்டிஷ் கார்களில் ஹார்ன் பட்டனுக்குப் போகும் வயர் ஊதாவில் கறுப்புக் கோடு. ரிலேயிலிருந்து (சிறு கரண்டால் பெரிய கரண்டைச் சேர்க்கும் மின்சுவிட்ச்) ஹார்னுக்குப் போவது ஊதாவில் மஞ்சள் கோடு.

போல்ட் இறுகிப்போயிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு முறித்தால் அந்த போல்ட்டுக்கு மாற்று கிடைப்பது லேசில்லை; போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களில் பிஎஸ்எஃப் என்ற பிரிட்டிஷ் அளவு மரை, பிறகு யூஎன்எஃப் என்ற வேறொரு அங்குல அளவு மரை, ஐரோப்பியக் கார்களில் மெட்ரிக். கிட்டத்தட்டப் பொருந்துகிற வேறு மரை போல்ட்டை முறுக்கி ஏற்றுவது, அந்த பிராக்கெட்டைக் கொல்வதற்குச் சமம். பிராக்கெட், ஸ்பிரிங் தகடு, வாஷர்கள் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

மேஜையில் சோதனை

தேவையானவை: முழுசாக சார்ஜ் ஏறிய, ஹார்னின் வோல்டேஜுக்கு ஏற்ற பேட்டரி, 20 ஆம்பியர் பியூஸ், தடித்த வயர், நல்ல அழுத்து சுவிட்ச், மல்டிமீட்டர், டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், காதடைப்பான். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், மூடிய அறையில் விண்ட்டோன் ஹார்ன் காதைக் கிழித்துவிடும். பேட்டரிக்குப் பதில் சார்ஜரை இணைத்துப் பார்ப்பது வீண்வேலை. சாதாரண சார்ஜரின் கரண்ட் சீராக இருக்காது, ஹார்னும் தப்பாகவே ஒலிக்கும்.

பவர் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம். எக்காளத்தின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் குளவிக்கூடும், எலி இழுத்துவந்த பஞ்சும் சர்வசாதாரணம். அடுத்து, டயாபிரத்தின் விளிம்பில் துரு உப்பியிருக்கிறதா, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மூன்றாவது, மல்டிமீட்டரில் ஓம் அளவு. இரண்டு டெர்மினல் உள்ள ஹார்னில் டெர்மினலுக்கும் உடம்புக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது; இருந்தால் உள்ளே எங்கோ எர்த் அடிக்கிறது. ஒரே டெர்மினல் உள்ளதென்றால் உடம்புதான் எர்த், தொடர்பு இருந்தே ஆக வேண்டும்.

டெர்மினல்களுக்கு இடையே நல்ல ஹார்ன் காட்டுவது ஒரு ஓம், அல்லது அதற்கும் குறைவு. இதைப் பார்த்து ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். 0.8 ஓம் என்றால் கணக்குப்படி 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓட வேண்டும். ஒலிக்கும்போது கிளாம்ப் மீட்டரில் ஏறக்குறைய அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் இருக்கும். பாயிண்ட் ஒவ்வொரு அதிர்விலும் திறந்து மூடுவதாலும், காயில் கரண்டை உடனே ஏற விடாததாலும் சராசரி இறங்கிவிடுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மீட்டரே மீதிக் கதையைச் சொல்லும்.

ஹார்னை அதன் பிராக்கெட்டைப் பிடித்து வைஸில் இறுக்குங்கள். உடம்பை வைஸில் கடிக்கவிடாதீர்கள். கையில் பிடித்தோ மேஜைமேல் படுக்கவைத்தோ அடித்துப் பார்த்தால் நல்ல ஹார்ன்கூடக் கிழிந்த குரலில் கத்தும். இனி ஒரு நொடி, இரண்டு நொடிக்கு மேல் போகாமல் அழுத்துங்கள், இடையிடையே ஆறவிடுங்கள்.

மீட்டர் என்ன சொல்கிறது?

சத்தமும் இல்லை, கரண்டும் இல்லை என்றால், பாயிண்ட் சேரவில்லை அல்லது காயில் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பாயிண்டில் படிந்த பச்சைக் களிம்புதான் காரணம். ஹார்னின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டி மறுபடி அழுத்தினால் சில சமயம் முனகத் தொடங்கும். அதை வைத்து "சரியாகிவிட்டது" என்று மூடிவிடாதீர்கள். பாயிண்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கான அறிகுறி அது.

'டக்' என்று ஒரே சத்தம், மீட்டரில் 15 ஆம்பியர் போல ஏறி நிற்கிறது என்றால் உடனே கையை எடுங்கள். காயில் இரும்பை இழுத்துவிட்டது, ஆனால் பாயிண்ட் திறக்கவில்லை. ஒட்டிப் பிடித்திருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கலாம். இப்படியே சில நொடி பிடித்தால் காயிலின் வார்னிஷ் புகையும்.

கரண்ட் குறைவு, குரலும் ஈனம் என்றால் பாயிண்டில் தடை. கரண்ட் சரியாக இருக்கிறது, குரல் மட்டும் ஓட்டைப் பானையில் தட்டியதுபோல இருக்கிறது என்றால் மின்சாரத்தை விட்டுவிடுங்கள். டயாபிரத்தில் விரிசல், கேஸ்கெட்டில் கசிவு, எக்காள மூட்டு தளர்வு இவற்றில் ஒன்றாக இருக்கும்.

சரியான கரண்ட் எவ்வளவு? அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு. குத்துமதிப்பாக, 12 வோல்ட் டிஸ்க் ஹார்ன் ஒன்றுக்கு 3 முதல் 5 ஆம்பியர், விண்ட்டோன் ஒன்றுக்கு 5 முதல் 8. அதே பலமுள்ள 6 வோல்ட் ஹார்ன் ஏறக்குறைய இரட்டிப்பு இழுக்கும்.

உள்ளே திறக்க வேண்டியிருந்தால்

பின்மூடியைக் கழற்றினாலே பாயிண்ட் தெரிகிற மாடல்களில் டயாபிரத்தைத் தொடவே தேவையில்லை. பாயிண்டுகள் பெரும்பாலும் டங்ஸ்டன். சாதாரண உப்புத்தாளுக்கு மசியாது, அதன் துகள் வேறு உள்ளே தங்கிவிடும். பாயிண்டுக்கென்றே உள்ள மெல்லிய அரத்தை இரண்டுக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு முகமும் ஒன்றோடொன்று தட்டையாகப் படியும்படி நாலைந்து இழுப்பு இழுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவில் வைத்து உருவுங்கள். காகிதம் கறுப்பில்லாமல் வெளியே வரும்வரை உருவ வேண்டும். பாயிண்டுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு ரெசிஸ்டர் சுற்றியிருக்கும் மாடல்கள் உண்டு. பாயிண்ட் திறக்கும்போது எழும் தீப்பொறியை அடக்குவது அதுதான். அது அறுந்திருந்தால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பாயிண்ட் சீக்கிரமே மறுபடி கருகும்.

டயாபிரத்தைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், உடம்பு, டயாபிரம், எக்காளம் மூன்றின் விளிம்பிலும் குறுக்காக ஒரு கீறல் போட்டுவிட்டுத் திறங்கள். மறுபடி அதே நிலையில் உட்கார வேண்டும். கேஸ்கெட் விஷயத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அந்தக் காகித வளையம் தண்ணீரைத் தடுப்பதற்கு மட்டும் இல்லை. காயிலின் முனைக்கும் இரும்புத் துண்டுக்கும் உள்ள இடைவெளியை அதன் கனம்தான் தீர்மானிக்கிறது. பழையதை வெர்னியரில் அளந்து, அதே கனத்தில் வெட்டுங்கள். கனமான ரப்பர் ஷீட்டில் வெட்டி வைத்தால் இடைவெளி கூடி, இழுவை குறைந்து, ஹார்ன் கம்மிப்போகும்.

ரிவெட் அடித்து மூடிய ஹார்னை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் திறங்கள். இன்னொன்று: அழகுபடுத்துகிறேன் என்று முழு ஹார்னையும் மணல் வீச்சுக்கோ பவுடர் கோட்டிங் அடுப்புக்கோ அனுப்பக் கூடாது. மணல் பாயிண்டுக்குள் போகும். சூடு காயிலின் இன்சுலேஷனையும் கேஸ்கெட்டையும் தீய்த்துவிடும். எக்காளத்தைத் தனியாகக் கழற்ற முடிந்தால் அதை மட்டும் அனுப்புங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட்: கால் சுற்று வேலை

ஹார்னின் பின்பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ சுருதியை மாற்றாது. தேய்மானத்தால் பாயிண்டில் ஏற்பட்ட விலகலை ஈடுகட்டுவது மட்டுமே அதன் வேலை. சுருதி டயாபிரத்தின் விறைப்பிலும் எக்காளத்தின் நீளத்திலும் இருக்கிறது. ஹார்னின் நடுமையத்தில் இன்னொரு பிளவுள்ள தண்டோ நட்டோ தெரிந்தால் அது தொழிற்சாலையில் வைத்த அளவு. அதைத் தொட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

பேட்டரி முனையில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 6 வோல்ட் பேட்டரி என்றால் 6.3. லாக் நட் இருந்தால் தளர்த்துங்கள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், மற்றொரு கையில் சுவிட்ச். சுவிட்சைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே ஸ்க்ரூவை இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். குரல் முதலில் மெலியும். பிறகு தனித்தனி அதிர்வாகத் தெறிக்கும். கிளாம்ப் மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் சட்டென்று பூஜ்யம், சத்தமும் இல்லை. பாயிண்ட் பிரிந்த இடம் அது. அங்கிருந்து வலப்பக்கமாகக் கால் சுற்று. இப்போது அழுத்தினால் குரல் தட்டுத்தடுமாறாமல் ஒரே எடுப்பில் வர வேண்டும். திருப்பும் திசை மாடலுக்கு மாடல் மாறலாம்; தேட வேண்டியது அந்தச் சத்தம் நிற்கும் புள்ளியைத்தான்.

லூகாஸ் டபிள்யூடி 618இல் முறை சற்று வேறு. மேல்மூடிக்கு உள்ளே அட்ஜஸ்டிங் நட்டும் லாக் நட்டும் இருக்கும். சத்தம் நிற்கும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் அரைச் சுற்று திருப்பி, அதை அசையாமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு கரண்டை மறுபடி அளங்கள், ஏனென்றால் லாக் நட் இறுகும்போது அட்ஜஸ்டிங் நட்டையும் சற்று இழுத்துக்கொண்டு போகும்.

இன்னும் சத்தமாக வேண்டும் என்று வலப்பக்கம் திருகிக்கொண்டே போனால் கரண்ட் ஏறும், சத்தம் ஏறாது. புத்தக அளவுக்குள் கரண்ட் நிற்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜோடியின் சுருதி

சொகுசுக் காரின் ஹார்னைச் சாதாரணக் காரின் ஹார்னிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். இரண்டு ஹார்ன் ஒரே சமயத்தில், இசைவான இடைவெளியில். பரவலான ஜோடியில் அதிர்வெண் ஏறக்குறைய 4க்கு 5 என்ற விகிதம், அதாவது ஷட்ஜமும் அந்தர காந்தாரமும் சேர்ந்து ஒலிப்பதுபோல. மேல்நாட்டுக் கணக்கில் எஃப், ஏ. சுமார் 350 ஹெர்ட்ஸும் 440 ஹெர்ட்ஸும். காடிலாக் மாதிரிக் கார்கள் மூன்றாவது, நான்காவது ஸ்வரத்தையும் சேர்த்தன.

போனில் இருக்கும் சுருதிப்பெட்டி செயலியைத் திறந்து, ஒவ்வொரு ஹார்னையும் தனித்தனியாக அடித்து அளவு எடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து. வௌவௌ என்று அலையடித்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுருதி; யாரோ இரண்டு எல் ஹார்னையோ இரண்டு ஹெச் ஹார்னையோ ஜோடி சேர்த்துவிட்டார்கள். வெவ்வேறு இடங்களில் வாங்கிச் சேர்த்த ஹார்ன்களில் இது நிறையவே நடக்கிறது. எவ்வளவு திருகினாலும் இது தீராது. சரியான ஜோடியைத் தேடுவதுதான் வழி. ஒன்று மட்டும் போய்விட்டது என்று நவீன ஹார்ன் ஒன்றைப் பக்கத்தில் மாட்டுவதைவிட, நல்ல நிலையில் உள்ள ஒற்றை அசல் ஹார்னோடு சில மாதம் ஓட்டுவதே மேல் என்பது என் கட்சி.

கிளாக்சனும் காற்று ஹார்னும்

கிளாக்சனில் மோட்டாரைத் தனியாகக் கவனியுங்கள். கம்யூட்டேட்டரை (மோட்டாரில் பிரஷ் உரசும் செம்பு வளையம்) துடைத்து, கார்பன் பிரஷ் தடையில்லாமல் சறுக்குகிறதா என்று பார்த்து, மோட்டார் தண்டு சுழலும் புஷ்ஷில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். பிறகு டயாபிரத்தின் குமிழ். பல்சக்கரத்தை அது அழுத்திப் பிடித்தால் மோட்டார் திணறும். எட்டி நின்றால் உர்ர் என்ற வெறும் சுழற்சிச் சத்தம். மோட்டார் தடையில்லாமல் வேகம் எடுக்கும்படியும், ஒவ்வொரு பல்லும் குமிழை நிச்சயமாகத் தொட்டுப்போகும்படியும் இடைவெளியை வையுங்கள். கத்தலின் நடுவே திக்கினால், தேய்ந்த பல் ஒன்று இருக்கிறது.

காற்று ஹார்னில் கம்ப்ரசரைப் பொதுவாக நிமிர்த்தி, காற்று வெளியேறும் வாய் மேலே இருக்கும்படி பொருத்துவார்கள். குழாய்கள் குட்டையாகவும் ஒரே நீளத்திலும் இருந்தால் எக்காளங்கள் ஒன்றாகத் தொடங்கும். பழைய மாடல் கம்ப்ரசர்களுக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் தேவை. நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளே பிடித்துக்கொள்ளும், அதனால் மாதம் ஒருமுறையாவது அடியுங்கள்.

இனி கார் பக்கம்

ஹார்ன் தேறிவிட்டது. அதை மாட்டுவதற்கு முன், அது உட்காரப்போகும் இடத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் வருகிறது என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நூற்றுக்கு ஒரு இழை மட்டும் உயிரோடு இருக்கும் வயரும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும். ஹார்னில் மாட்ட வேண்டிய லைவ், எர்த் இணைப்புகள் இரண்டுக்கும் நடுவே 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கட்டுங்கள், 4.6 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட் காரென்றால் 6 வோல்ட் ஹெட்லைட் பல்ப். உதவிக்கு ஒருவரை பட்டனை அழுத்தச் சொல்லி, பல்பின் இரு முனைகளில் வோல்டேஜை அளந்து, அதே நேரத்தில் பேட்டரியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். பல்ப் எரியும்போதே பேட்டரியின் லைவ் முனைக்கும் (எர்த்தோடு சேராத முனை) பல்பின் லைவ் முனைக்கும் நடுவே ஒரு அளவு. பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே இன்னொரு அளவு. எந்தப் பக்கம் எண் பெரிதோ அந்தப் பக்கம் பியூஸ் ஹோல்டர், ரிலே, ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாக நகருங்கள்.

ரிலே உள்ள கார்களிலும், பட்டன் எர்த் பக்கத்தைச் சேர்க்கும் கார்களிலும் சுலபமான சோதனை ஒன்று உண்டு. பட்டனுக்குப் போகும் வயரைக் கழற்றி சேசிஸில் தொடுங்கள். பல்ப் எரிந்தால் கோளாறு ஸ்டீயரிங் பக்கம். எச்சரிக்கை: சில பழைய கார்களில் ஹார்னின் உடம்பே எர்த்தாகி, பட்டன் லைவ் பக்கத்தைச் சேர்க்கும். அங்கே இதைச் செய்தால் நேரடி ஷார்ட். முதலில் வயரிங் படத்தைப் பாருங்கள்.

ஸ்டீயரிங் பக்கம் என்றால், சக்கரத்தோடு சுழலும் பித்தளை வளையம், அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ் இரண்டையும் பாருங்கள். வளையத்தில் பழைய கிரீஸ் கறுத்து இறுகியிருக்கும். அதை ஸ்பிரிட்டால் துடைத்தாலே பாதிக் கார்கள் பேசிவிடும். ஸ்டீயரிங் தண்டின் நடுவில் ரப்பர் கப்ளிங் இருந்தால், அதைத் தாண்டி எர்த்தைக் கடத்த ஒரு மெல்லிய பட்டை வயர் இருக்க வேண்டும். அது அறுந்திருந்தால் பட்டன் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது ஹார்ன் தானாகவே அடித்தால் தண்டுக்குள் வயர் உரசித் தோல் உரிந்திருக்கிறது.

பியூஸ் விஷயத்தில் ஏமாறுவதற்கு ஒரு இடம் உண்டு. லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று அச்சிட்டிருந்தால் அது பியூஸ் எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அமெரிக்கப் பியூஸில் அச்சிட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. லூகாஸ் 35 இருந்த இடத்தில் அமெரிக்க 35ஐச் செருகினால், பியூஸ் போவதற்கு முன் வயர் உருகும்.

பொருத்துவது

கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதோ. பல டிஸ்க் ஹார்ன்கள் அடுக்கடுக்கான ஸ்பிரிங் தகட்டில் தொங்க வேண்டியவை. முழு உடம்பும் அதிர இடம் வேண்டும். அதை எடுத்துவிட்டுக் கனமான பட்டையில் இறுக்கினால் குரல் அடைத்துப்போகும். விண்ட்டோன் இதற்கு நேர் எதிர். ஆடாத இடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். இரண்டுக்குமே பொதுவான விதி, உடம்போ எக்காளமோ வேறெந்த உலோகத்தையும் தொடக் கூடாது. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

எக்காளத்தின் வாய் முன்னோக்கி, சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். போருக்கு முந்தைய கார்களில் ஹெட்லைட் கம்பியில் வெளியே தெரியும்படி நிற்கும் எக்காளங்களை அழகுக்காக மேல்நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீர் நேராக டயாபிரத்தில் போய்த் தங்கும்.

எர்த்துக்கு பாடியை நம்பாதீர்கள். கோச் பில்டர்கள் கட்டிய பாடிகளில் உள்ளே ஆஷ் மரச் சட்டம், மேலே அலுமினியத் தகடு. ஹார்ன் பிராக்கெட் சேசிஸோடு மின்சாரரீதியாகச் சேர்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹார்னிலிருந்து சேசிஸுக்குத் தனி வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

வயரின் கனத்தில் 6 வோல்ட் கார்க்காரர்கள் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.0074 ஓம். 3 மீட்டர் ஓட்டத்தில் 12 வோல்ட் ஜோடி 12 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.27 வோல்ட், அதாவது 2 சதவீதம் சொச்சம். அதே பலத்துக்கு 6 வோல்ட் ஜோடி 24 ஆம்பியர் இழுக்கும், இழப்பு 0.53 வோல்ட், கிட்டத்தட்ட 9 சதவீதம். வோல்டேஜ் பாதியானால் இழப்பின் பங்கு நான்கு மடங்கு. 6 வோல்ட்டுக்கு 6 சதுர மி.மீ. போடுங்கள். வெளியில் துணி சுற்றிய வயர் இந்தக் கனத்திலும் கிடைக்கிறது, தோற்றம் கெடாது.

காரில் ரிலே இல்லாமல் முழுக் கரண்டும் பட்டன் வழியாகவே போனால், ரிலே ஒன்றைச் சேர்ப்பது நல்லது. பட்டன் பல வருடம் கூடுதலாக உழைக்கும். 6 வோல்ட் காருக்கு 6 வோல்ட் ரிலேதான், 12 வோல்ட் ரிலே அங்கே இழுக்காது. புதிதாகத் துளை போடாமல், இருக்கும் போல்ட் ஒன்றில் மாட்டுங்கள். செத்துப்போன பழைய ரிலேயின் கூட்டுக்குள் புதியதை ஒளித்துவைப்பவர்களும் உண்டு. கண்காட்சிக் காருக்கு அது நல்ல உத்தி.

சேர்த்த பிறகு

இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு ஹார்ன் அடியுங்கள். டைனமோ உள்ள காரில் ஐடிலில் சார்ஜ் ஏறாது, ஆகவே ஹார்னுக்கு மிக மோசமான நிலை இதுதான். ஹார்ன் டெர்மினலில் அளந்து பாருங்கள். முள் மீட்டர் இருந்தால் நல்லது, டிஜிட்டலில் எண்கள் தாவிக்கொண்டிருக்கும். பிறகு இன்ஜின் வேகத்தை உயர்த்தி, வோல்டேஜ் ஏறிய நிலையில் இன்னொரு முறை. இரண்டிலும் குரல் ஒரே மாதிரி எடுத்தால் வேலை சரி. வேகத்தில் மட்டும் கரகரத்தால் அட்ஜஸ்ட்மென்ட் ஒரு மயிரிழை கூடுதலாக உள்ளே இருக்கிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, ஹார்ன் ஒலி தொடர்ச்சியாகவும் சீராகவும் இருக்க வேண்டும், காதைக் குத்தக் கூடாது என்கிறது. ஐநாவின் 28ஆம் எண் வாகன விதிமுறை, கார் வெளியிடும் ஹார்ன் ஒலி 7 மீட்டர் தொலைவில் 112 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பழைய வண்டிகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பது பதிவு செய்யும் இடத்தைப் பொறுத்தது. ஆனால் மாறி மாறி ஒலிக்கும் காற்று ஹார்னும் பாட்டு ஹார்னும் பல நாடுகளில் சாலைக்கு ஆகாது. நகரம், நெடுஞ்சாலை என்று இரண்டு குரல் தரும் சுவிட்ச் உள்ள கார் என்றால் இரண்டு நிலையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். மென்குரல் பக்கம் வருடக்கணக்கில் யாரும் தொடாமல் செத்துக் கிடக்கும்.

முதல் நெடும்பயணம் முடிந்ததும் பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு ஹார்னின் கரண்ட், டெர்மினல் வோல்டேஜ், சுருதி மூன்றையும் தேதியோடு காரின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை குரல் மாறும்போது ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அந்த மூன்று எண்களைத்தான்.